மார்கழியில் போட்ட பில்

சத்தத்தை மட்டும் கேட்டே என்ன வண்டி, எத்தனையாவது கியரில் போகிறது என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீடு மேலப்பாளையத்தில் அம்பாசமுத்திரம் ரோட்டை ஒட்டி இருந்தது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்ததே அதுதான். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு கார் ஷோரூமில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தபோது உம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் புது வண்டிகளின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மூடும்போது ஒரு சத்தம் வருமே, அதற்காக.

"ஏலே ரசீத், கதவு தேஞ்சிரும்லே. விக்கதுக்கு மிச்சம் வையி" என்பார் மேனேஜர் ஜெபசீலன் சார்.

ஷோரூம் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கேட் மூடினால் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் வரிசையாக நின்றுவிடும். நிற்கிற பஸ்ஸில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. எங்கள் முற்றத்தில் நிற்கும் கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விஜயஸ்ரீ அக்காவும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். தொண்ணூற்றேழு டிசம்பரில் ஒரு நாள், மூடிய கேட்டில் நின்ற அம்பை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் முற்றத்துக்குள் வந்தார். இடுப்பில் ஏழு வயதுப் பெண் குழந்தை. இடுப்பில் வைக்கிற வயதில்லை. ஆனால் குழந்தையின் இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை போட்டு வாரால் இறுக்கியிருந்தது.

நான் மைலேஜ், பிக்கப் என்று ஆரம்பித்தேன். அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை.

"இந்த நீல வண்டியில இவ கால நீட்டி உக்கார முடியுமா தம்பி?"

முன் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிக் காட்டினேன். அக்கா குழந்தையை உள்ளே உட்கார வைத்தார். மதுமதி என்ற அந்தக் குழந்தை காலை மெல்ல மெல்ல நீட்டி, பட்டை எங்கேயும் இடிக்கிறதா என்று பார்த்தது.

"முட்டலம்மா" என்றது.

அந்த ஒரு வார்த்தையில் வண்டி விற்றுப்போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். குழந்தையும் அங்கேயே படித்தது. கால்களுக்குப் பயிற்சி கொடுக்க அங்கே ஓர் அறை இருந்தது. கணவர் காற்றாலையில் வேலை பார்த்தவர், மேலேயிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அக்கா அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். தினமும் போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர். எல்லாம் பஸ்ஸில்.

இரண்டு நாள் கழித்து அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கோமதிசங்கர் அண்ணாச்சிக்கு மின்வாரிய ஆபீஸில் வேலை. நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. வண்டியை ஒரு சுற்று சுற்றினார். டயரைக் காலால் தட்டினார்.

"என் தங்கச்சி மாப்பிள்ள உசிரு போயி வந்த காசு இது. இதப் பெட்ரோலா ஊத்துததுக்கு எனக்கு மனசு வரல" என்றார்.

"பஸ் படியில ரெண்டு மட்டம் விழுந்துட்டாண்ணே. கண்டக்டர் வெரசா ஏறு வெரசா ஏறுங்கான். இவ எப்படி ஏறுவா?"

அண்ணாச்சி குழந்தையைப் பார்த்தார். குழந்தை முன் சீட்டில் உட்கார்ந்து எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"செரி. ஆனா ஒரு கண்டிசன். பெட்ரோல் குடிக்கட்டும், சர்வீஸ் பாக்கட்டும். அதுக்கு மேல பெருசா ஒரு செலவு வச்சுதுன்னா அன்னைக்கே வித்துரணும். மிச்சக் காசு பிள்ள பேருல பேங்க்ல கெடக்கட்டும். நாளைக்கு அவளுக்குன்னு ஒண்ணு வேணும்லா. சம்மதமா?"

"சம்மதம்ணே."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"இது எங்கன அண்ணாச்சி செலவு வைக்கப் போவுது? கியர்பாக்ஸெல்லாம் வெண்ணெ மாதிரி இருக்கும். ஒரு வருசத்துக்குக் கம்பெனியே பொறுப்பு."

"ஒரு வருசம் கழிச்சு?"

"அப்பவும் ஒண்ணும் ஆவாது."

"நீரு கம்பெனி மொதலாளியாவே?" என்று கேட்டார். அக்காவே சிரித்துவிட்டார்.

அந்த மாதம் எங்கள் விற்பனை இலக்குக்கு ஒரு வண்டி குறைந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பில் போட்டால்தான் வருடக் கணக்கில் சேரும் என்று ஜெபசீலன் சார் காலையிலிருந்தே என் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் பில் புத்தகத்தை எடுத்ததும் அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"மார்கழியில எவனாவது வண்டி எடுப்பானாவே?"

"எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. ஜனவரியில வெல கூடுது, பில்ல மட்டும் இப்பமே போட்டுருவோம். வண்டி இங்கனயே நிக்கட்டும். தை பொறந்ததும் நல்ல நாளு பாத்து வந்து சாவிய வாங்கிக்கிடுங்க."

அது நானாகக் கண்டுபிடித்த வழியில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் எங்கள் பின்பக்கக் கொட்டகையில் ஏழெட்டு வண்டிகள் பில்லெல்லாம் முடிந்து, தைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அண்ணாச்சிக்கும் திருப்தி, கம்பெனிக்கும் திருப்தி. டிசம்பர் முப்பதாம் தேதி போட்டு பில் எழுதினேன்.

தை எட்டு, புதன்கிழமை, வண்டி புறப்பட்டது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். அண்ணாச்சி சூடம் காட்டினார். மதுமதி முன் சீட்டிலிருந்து எட்டி ஹார்னை இரண்டு தடவை அமுக்கியது. மூன்றாவது தடவைக்கு அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியைப் பதிவு பண்ணியதும் அந்த வாரத்தில்தான். எல்லாருக்கும் அதுதான் வண்டி பிறந்த நாள். எனக்கும் அதுதான்.

அக்கா முதல் ஒரு மாதம் பயந்து பயந்து ஓட்டினார். பிறகு வேகம் பிடித்துவிட்டது. காலை எட்டு மணிக்கு மேலப்பாளையம் முக்கில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது வண்டி தாண்டிப் போகும். என்னைப் பார்த்ததும் மதுமதி இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும். எனக்கு அந்த இன்ஜின் சத்தம் வீரமாணிக்கபுரம் திரும்பும்போதே கேட்டுவிடும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவது. அக்கா கொஞ்சம் சீக்கிரமே மாற்றுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த டிசம்பரில் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதுத் திட்டம். எக்ஸ்டெண்டட் வாரண்டி. முதல் வருடம் முடிவதற்குள் பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருடத்துக்கு இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எது போனாலும் கம்பெனியே மாற்றிக் கொடுக்கும். படித்து முடித்த கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னேன்.

"அக்கா, அண்ணாச்சி போட்ட கண்டிசனுக்கு மருந்து வந்துட்டு!"

விவரத்தைச் சொன்னேன்.

"ரெண்டு வருசமா தம்பி?"

"முழுசா ரெண்டு வருசம்."

"இவளுக்குப் பத்து வயசானா கால்ல ஆபரேசன் பண்ணலாம்னு டாக்டர் சொல்லுதாரு. அதுக்குப் பொறவு அவளே பைய படி ஏறிருவாளாம். இப்ப எட்டு ஆவுது. ரெண்டு வருசம் இந்த வண்டி ஓடிட்டுன்னா போதும் எனக்கு. அப்புறம் அண்ணன் வித்தாலும் சரி."

"ஓடிரும்க்கா. உடனே வாங்க."

"மார்கழியாச்சே தம்பி. புதுசா ஒண்ணு எழுதி வாங்குததுன்னா அண்ணன் தை பொறக்கட்டும்பான். நாம வண்டி எடுத்தது தை எட்டுதானே? அதுக்குள்ள வந்தா போதும்லா?"

என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அந்த பில்லின் நகல் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நின்றது நான்கு எலுமிச்சம்பழம்.

"தாராளமாக்கா. மொத வாரத்துலயே வந்துருங்க" என்றேன்.

தொண்ணூற்றொன்பது ஜனவரி பதினெட்டு, திங்கட்கிழமை, வந்தார். பொங்கலுக்குச் செய்த முந்திரிக்கொத்து ஒரு டப்பா நிறைய கொண்டுவந்திருந்தார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். படிவத்தில் வாரண்டி தொடங்கிய நாள் என்ற இடத்தில் நான் எதையும் பார்க்காமலே 21-1-98 என்று எழுதினேன். அக்கா செக் கொடுத்தார். நான் ரசீது கொடுத்தேன். அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கைப்பையில் வைத்து, பையைத் திறந்து மறுபடியும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி நான்காம் தேதி சென்னை ஆபீஸிலிருந்து கவர் வந்தது. உள்ளே அக்காவின் படிவமும் செக்கும் அப்படியே இருந்தன. நான் எழுதிய தேதியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மேலே எழுதியிருந்தார்கள்: பில் தேதி 30-12-97. காலம் முடிந்துவிட்டது.

அதை அப்படியே சாரிடம் கொண்டுபோனேன். அவர் சென்னைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். கடைசியில் ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"பில்லு தேதிதான் கணக்குங்கான். தையில எடுத்தோம்னு சொன்னா, தைன்னா என்னன்னு கேக்கான், வடக்கத்திக்காரன். அவனுக்கு என்ன தெரியும்? நீ அந்த அம்மாட்ட சொல்லிரு. இன்னைக்கே சொல்லிருலே, வச்சிக்கிட்டு இருக்காத."

மறுநாள் காலை சொல்லிவிடத்தான் முக்கில் நின்றேன். வண்டி வந்தது. இரண்டு தடவை ஹார்ன். குழந்தை கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன். வண்டி போய்விட்டது. அதற்கடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் நான் எனக்கே வேறு கதை சொல்ல ஆரம்பித்திருந்தேன். பதினாறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கிளட்சில் காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் இல்லை அக்கா. இந்த மாடல் கியர்பாக்ஸை நான் பிரித்தே பார்த்திருக்கிறேன், அது போகவே போகாது. போகாத கியர்பாக்ஸுக்கு வாரண்டி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கவரை மேஜை இழுப்பறையில் விலைப் பட்டியல்களுக்கு அடியில் வைத்தேன்.

மார்ச்சில் போய்விட்டது.

பத்தமடை தாண்டி ஒரு மாட்டுவண்டிக்காக வேகம் குறைத்து, மறுபடியும் இரண்டாவது கியர் போட்டிருக்கிறார். உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. ஒரு டெம்போவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முற்றத்தில் நிறுத்தி இன்ஜினைப் போட்டு கியரைத் தள்ளினேன். டின்னுக்குள் ஜல்லி உருளுவது மாதிரி ஒரு சத்தம். பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. முழுப் பெட்டியும் மாற்ற வேண்டும்.

மறுநாள் அக்கா அண்ணனோடு வந்தார். முகத்தில் கவலையே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கைப்பையிலிருந்து அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"இந்தா பாருண்ணே. கியர்பாக்ஸும் இதுல உண்டு. நமக்கு ஒத்த ரூவா செலவில்ல. என்ன ரசீத், சொல்லேன்."

ஜெபசீலன் சார் என்னைப் பார்த்தார். "நீ சொல்லலியாலே?" என்று மெல்லக் கேட்டார்.

நான் இழுப்பறையைத் திறந்து, பட்டியல்களைத் தள்ளிவிட்டுக் கவரை எடுத்து வைத்தேன். அண்ணாச்சி செக்கைப் பார்த்தார். சிவப்பு மையைப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"மார்கழியில வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நான். பில்ல மட்டும் போடுவோம்னு சொன்னது நீரு. ரெண்டு பேருமா சேந்து இருவத்திரெண்டு நாள முழுங்கிட்டோம். என்னவே?"

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

அக்கா கவரைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பிப்ரவரியில வந்திருக்கு."

"ஆமாக்கா."

"தெனமும் எங்களப் பாத்துக் கைய ஆட்டுனியே தம்பி."

நான் இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

"அப்பமே சொல்லியிருந்தா நானே அண்ணன்ட்ட பையப் பைய எடுத்துச் சொல்லியிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமா அவன் மனச மாத்தியிருப்பேன். இப்படி இவன் முன்னால ரசீதுச் சீட்ட நீட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்லா."

"அண்ணாச்சி, என் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சிக்கிடட்டும். பெட்டிய நான் மாத்தித் தாரேன்" என்றேன்.

"இன்னைக்கு கியர்பாக்ஸ மாத்துவீரு. அடுத்து இன்ஜின் போனா? அதுக்கடுத்தாப்ல வேற ஒண்ணு போனா? உம்ம சம்பளத்துலதான் என் மருமவ பள்ளிக்கூடம் போணுமா?" அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் ஆசையா? நான் இருக்கும்போதே அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு சேத்து வச்சிரணும். அதுக்கு அப்பன் இல்ல. கண்டிசன் போட்டது நான்தான், ஆனா சம்மதம்னது அவ. நீ சொல்லு விஜயா. நீ என்ன சொல்லுதியோ அப்படியே செய்யுதேன்."

அக்கா ரசீதை மடித்து மறுபடியும் அந்த உறைக்குள் வைத்தார். எதற்கு என்று தெரியவில்லை. பிறகு சாவிக்கொத்தில் இருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை என் மேஜையில் வைத்தார்.

"வித்துருங்க."

உடைந்த கியர்பாக்ஸோடு ஒரு வண்டியை விற்பது லேசில்லை. மூன்று மாதம் பின்பக்கக் கொட்டகையிலேயே கிடந்தது. எனக்கு வேலை போகவில்லை. போயிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அக்காவும் குழந்தையும் பழையபடி பஸ்ஸில் வந்தார்கள். நான் எட்டு மணிக்கு முக்கில் நிற்பதை விட்டுவிட்டு ஏழரைக்கே புறப்பட்டுப் போய்விடுவேன்.

ஜூலையில் வீரவநல்லூர் உர வியாபாரி ஐயம்பெருமாள் அண்ணாச்சி வண்டியைக் கேட்டு வந்தார். குறைந்த விலைதான். புது கியர்பாக்ஸ் போட்டு, சீட்டைத் துவைத்து, பாலிஷ் பண்ணி முன்னால் நிறுத்தினோம். பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் காலண்டரைப் பார்த்தார்.

"நாளான்னைக்கு ஆடி பொறக்குவே. ஆடியில வண்டி எடுத்தா வீட்டுல என்னயச் சேக்க மாட்டா. ஆவணி பொறக்கட்டும். அதுவரைக்கும் இங்கனயே நிக்கட்டும், என்ன?"

அதே வார்த்தை. நான் தலையை ஆட்டினேன்.

ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் எட்டே காலுக்கு கேட் மூடியது. அம்பை பஸ் எங்கள் முற்றத்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. ஜன்னலோரம் மதுமதி. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா. குழந்தை நீல வண்டியைப் பார்த்துவிட்டது. கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு அம்மாவிடம் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. அக்கா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாளும் கேட் மூடியிருந்தது. அதற்கு மறுநாளும்.

அன்று மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, நான் விஜயஸ்ரீ பேசுதேன்."

மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் என்னோடு பேசினார்.

"சொல்லுங்கக்கா."

"வண்டி சரியாயிட்டு போல."

"ஆமாக்கா. வீரவநல்லூர்க்காரர் ஒருத்தர் வாங்கியிருக்காரு. ஆடியாச்சேன்னு எடுக்கல."

"இவ தெனமும் கேக்கா. நம்ம வண்டிய நல்லாக்கிட்டாங்கம்மா, எப்பம்மா எடுக்கப் போறோம்ங்கா." பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. "ஆடி கழியட்டும்னு சொல்லிட்டேன் தம்பி. பஸ்ஸுக்குள்ள வச்சு வேற என்ன சொல்ல? இனி எப்படி மாத்திச் சொல்லுததுன்னு தெரியல. அத கொஞ்சம் பின்னால கொண்டு நிறுத்துதியா? அவ கண்ணுல படாம?"

"இப்பமே நிறுத்துதேன்க்கா."

போனை வைத்துவிட்டு வெளியே போனேன். டிரைவர் சீட்டை யாரும் நகர்த்தவில்லை. அக்காவின் உயரத்துக்கே இருந்தது, என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பக்கத்து சீட் கடைசி வரை பின்னால் போயிருந்தது. முதல் கியர். இரண்டாவது கியர். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. கொட்டகையின் கடைசி மூலையில் நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டு நான்கு பக்கமும் கட்டினேன்.

மறுநாள் எட்டே காலுக்கு கேட் மூடியது. பஸ் வந்து நின்றது. மதுமதி எங்கள் முற்றத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தது. நீல வண்டி நின்ற இடத்தில் வேறு வண்டி நின்றது. குழந்தை அழும் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் அப்படியே மலர்ந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. வண்டியைக் காணவில்லை என்றால், வீட்டுக்குக் கொண்டுவரத்தான் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டது.

பிறகு என்னைப் பார்த்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து இரண்டு தடவை அமுக்கியது.

கையை ஆட்டாமல் நிற்கத்தான் பார்த்தேன். முடியவில்லை, ஆட்டினேன்.

ரயில் போய் கேட் திறந்தது. பஸ் நகர்ந்து இரண்டாவது கியருக்கு மாறியது. ஆடி கழிய இன்னும் இருபது நாள் இருந்தது.